கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள்

மதுரை ரோட்டில் ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கினால்தான் எங்கள் தேனிச் சீமை. தலைவர்கள் பலர் அந்த வழியாக வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் எங்களை ஒரேயடியாகச் சாய்த்தவர், தேர்தலுக்கு வராமலே இருந்தவர்.

1984 டிசம்பர். ஆண்டிபட்டி வேட்பாளர் எம்.ஜி.ஆர். படுத்திருந்ததோ நியூயார்க், புரூக்ளின் ஆஸ்பத்திரியில். மனுவும் அங்கிருந்தே வந்தது. ஓட்டுக் கேட்டு வேனில் நிற்கவில்லை, ஒரு கிழவியைக்கூடக் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடும் படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் சோறு தின்பதைப் பார்த்தே ஓட்டுப் போட்ட சனம் நாங்கள். பொறுப்பான எம்.எல்.ஏ. என்றால் முதலில் பசியாற வேண்டாமா?

வராமலே ஜெயிக்கலாம் என்றால் வந்தால் கேட்கவா வேண்டும்? கட்சி இரண்டாகப் பிளந்திருந்த 1989-இல் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் அதே ஆண்டிபட்டியில் நின்றார், தோற்றார். பக்கத்துப் போடியில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் நிற்க, ஜானகி அணி இரட்டைப் புறாவில் நிறுத்தியது வெண்ணிற ஆடை நிர்மலாவை. 1965-இல் ஒரே படத்தில் தமிழுக்கு அறிமுகமான இருவர், ஏலக்காய் ஏலம் போகும் ஊரில் மோதிக்கொண்டார்கள். சேவல் கூவியது. புறா பறந்துவிட்டது.

2002 இடைத்தேர்தல் வேறு ரகம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலையில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. தங்க தமிழ்ச்செல்வன் ஜெயலலிதாவுக்காக எழுந்து இடம் விட்டார். கோட்டையில் நாற்காலிக்குத் துண்டு போட்டிருந்தவரோ பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம். அம்மா ஜெயித்தார், மார்ச்சில் முதல்வரானார், துண்டு மடிக்கப்பட்டது. (அந்தத் துண்டு பிறகும் இரண்டு முறை விரிக்கப்பட்டது, அது தனிக்கதை.)

2019 ஏப்ரலில் ராகுல் ஒரு நாள், மோடி மறுநாள். பந்தல்காரர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். இத்தனை பேர் வந்து போன ஊருக்கு அப்போது ரயில் கிடையாது. மதுரை-போடி மீட்டர்கேஜ் 2010 கடைசியில் நின்றதோடு சரி. அகலப்பாதை வரும், வரும் என்றார்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்தது.

2022 மே மாதம் தேனிக்கு ரயில் வந்தே விட்டது. பிரதமர் தொடங்கி வைத்தார், சென்னையிலிருந்து, திரை வழியாக. அந்தக் காலத்துப் பெருசுகளுக்கு ஆச்சரியமே இல்லை. கையை ஆட்டுகிறாரே, சாப்பிடுகிற மாதிரி எப்போது காட்டுவார்கள் என்று காத்திருந்தார்கள்.