பெட்டி கட்ட அரை மணித்தியாலம்

2007 ஜூன் 7, விடியப்புறம். கொழும்பு பம்பலப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையிலிருந்த லொட்ஜுக்குள் பொலிஸ் ஏறியது. விசாவுக்குக் காத்திருந்தவர், பாஸ்போட் எடுக்க வந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர் எல்லோரையும் எழுப்பி, அரை மணித்தியாலத்துக்குள் பெட்டி கட்டச் சொன்னார்கள். மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கிளினிக் கொப்பி மூன்றையும் ஷொப்பிங் பையொன்றில் போட்டு, நெஞ்சோடு பிடித்தபடி படியிறங்கினார். "நான் என்ன பிழை செய்தனான் தம்பி?" என்று பொலிஸ்காரரைக் கேட்டார். பதில் இல்லை.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளையும் சேர்த்து அன்று 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவோ செய்தது சரியென்றே நின்றார். கண்டித்த மேல்நாடுகளையும் சாடினார்.

போர் நடக்கிற நாட்டுக்கு வேறு நியாயம் என்று அப்போது கொழும்பில் பலர் பேசினார்கள். அதே பேச்சைத் தமிழ் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் துரத்தப்பட்டார்கள். "போராட்டமெண்டால் இதெல்லாம் பார்க்கேலாது" என்றார்கள், படித்தவர்கள், கோவில் குளமென்று நடக்கிறவர்கள்.

கலியாணமும் செத்தவீடும் ஊருக்கு ஊர் வேறுபடும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் துரத்தப்பட்ட எவரும் அந்த 'வேறு நியாயத்தை' ஏற்று நான் கண்டதில்லை. ஏற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தவர்கள்.

அதே 1990இல், செப்டெம்பரில், எதிர்க்கட்சி எம்.பி. மகிந்த ராஜபக்ஷ தெற்கில் காணாமல்போனோரின் விபரங்களோடு ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்கவில் பொலிஸ் அந்தக் கடதாசிகளைப் பறித்துக்கொண்டது. அவர் செய்தது சரியான காரியம். பிள்ளையைத் தேடும் தாய்க்கு உலகத்தின் எந்த வாசலையும் தட்ட உரிமை உண்டு. 2010 ஜூலையில் அவர் ஜனாதிபதி. போர்க்கால மீறல்கள் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவை எதிர்த்து அவருடைய அமைச்சர் விமல் வீரவன்ச ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருக்க, ஜனாதிபதியே போய்த் தண்ணீர் கொடுத்து முடித்துவைத்தார். அது நடந்த பௌத்தாலோக மாவத்தை எங்கள் பம்பலப்பிட்டியில்தான் தொடங்குகிறது.

2022 ஜூலையில் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனார். ஓகஸ்டில் தாய்லாந்து அவரை ஏற்றது, மனிதாபிமான அடிப்படையில் என்று அந்நாட்டுப் பிரதமர் சொன்னார். "பெட்டியோட அலையட்டும்" என்றது எங்கள் ஒழுங்கை. தாய்லாந்து செய்தது சரி என்றேன் நான். அக்காவைத் தெருவில் இறக்கியது பிழையென்றால் இவருக்கு இடம் கொடுத்ததும் சரிதான். நீதிமன்றத்தில் அவர் சொல்லவேண்டிய பதில்களைச் சொல்லத்தான் வேண்டும். அது வேறு கணக்கு.

இதற்காக என்னோடு கோபித்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது புத்தளத்தைப் பற்றி. 1990இல் துரத்தப்பட்டு அங்கே போய்ச்சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் பல இன்னும் வடக்குக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் காணிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாங்கள் எந்தக் கந்தோர் வாசலில் போய் நின்றோம்?