முப்பது டிகிரி ஆட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. விதி 98. ஸ்டீரிங்கில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் ஜாயிண்டுக்கு ரப்பர் மூடி வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் நிச்சயம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார். அரசாங்கச் செலவில் அப்படிப் படுத்த கடைசி ஆளும் அவர்தான் போலிருக்கிறது.

திருப்புலிவனம் சாலையோரம் நின்று கல்குவாரி டிப்பர்களைப் பாருங்கள். அதிக பாரத்தோடு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் கிங் பின்னும் தேயாமல் என்ன செய்யும்? டிரைவர் வளைவுக்கு முன்பே ஸ்டீரிங்கைத் திருப்ப ஆரம்பிக்கிறார்; சக்கரம் தனக்குச் சௌகரியப்பட்டபோது திரும்புகிறது. கேட்டால், "கொஞ்சம் ஆட்டம் இருக்குண்ணே, பழகிடும்" என்பார். அவருக்குப் பழகிவிடும். எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறவருக்குத்தான் பழக அவகாசம் இருக்காது.

எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கும் நாளில் அதே வண்டிக்குப் புது பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர், முதலுதவிப் பெட்டி. டயர் வழுக்கையா? வேறு வண்டியிலிருந்து ஒரு நாளைக்கு இரவல். ஸ்டீரிங்கோ? ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும். அதனால்தான் யாரும் தூக்குவதில்லை. ஆர்.சி. புத்தகத்துக்கு நடுவே புரோக்கர் செருகும் காந்தித் தாத்தா எந்த ஜாக்கியையும்விட நன்றாகத் தூக்குவார்.

பழைய மாருதி வைத்திருக்கும் விவசாயிக்கு மட்டும் சட்டம் கறார். 15 வருடம் முடிந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்தக் காருக்கு இரண்டு டை ராட் எண்ட் மாற்ற அதில் பாதிகூட ஆகாது. ஆனால் மாற்றினாயா என்று கேட்பாரில்லை. கட்டினாயா என்றுதான் கேட்கிறார்கள்.

இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. 2012 ஜூலை 25, தாம்பரம் அருகே முடிச்சூர் சாலை, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்த இரண்டாம் வகுப்புக் குழந்தை, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்து எஃப்.சி. வாங்கியிருந்தது. ஒரு குழந்தை விழும் ஓட்டையைப் பார்க்காத கண், ரப்பர் மூடிக்குள் தேய்ந்த பால் ஜாயிண்டைப் பார்க்குமாம்! அரசு அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் போட்டது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் நீதிமன்றம் விடுவித்தது. ஆக, குற்றவாளி அந்த ஓட்டைதான். அதைக் கைது செய்ய வழியில்லை.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்கிறது. பதவியில் இருப்பவனுக்கே ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு எஃப்.சி. பார்த்த மண் இது.

போக்குவரத்துத் துறைக்கு ஒரே கோரிக்கை. எஃப்.சி. முடியும் தேதியை வண்டியின் உடம்பில் எழுத வைக்கிறீர்கள். பக்கத்திலேயே கையெழுத்துப் போட்ட பிரேக் இன்ஸ்பெக்டரின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுத வையுங்கள். அதற்குப் பயப்படுகிறவர் ஜாக்கியை எடுக்கட்டும்.