தைல அண்ணாச்சி

பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் கிடைக்கிற முதல் அதிர்ச்சி, அடுப்படியில் யாரும் தன்னைக் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்பதுதான். வேலைக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பையில் செல்போன் இருக்கிறதா என்று முப்பது வருஷம் தடவிப் பார்த்த மனிதர். இப்போது தன் வீட்டுக்குள்ளேயே நாளெல்லாம் தீக்குச்சி உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியிருக்கிறது. சில மாதம் பொறுப்பார். பிறகு ஒருநாள் நாட்டு மருந்துக் கடையிலிருந்து பொட்டலத்தோடு வருவார். மதினி பிரித்துப் பார்த்தால் புதினா உப்பு, ஓம உப்பு, சூடம். அன்றிலிருந்து அவர் தைல அண்ணாச்சி.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த தெருக்களில் இந்த அண்ணாச்சி ஏதோ ஒரு முகத்தில் இருக்கிறார். முழங்கால் வலிக்கும் மூக்கடைப்புக்கும் தைலம் காய்ச்சுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் அண்ணாச்சியின் இலக்கு அதைவிட உயரம். அவர் காய்ச்சுவது மனசை அமைதிப்படுத்துகிற தைலம். “டென்ஷன் போயிரும்” என்பார். கேட்கிறவருக்கு டென்ஷன் இல்லாவிட்டால், அவர் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும்.

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத பூமி இது. ஆடி பிறந்துவிட்டால் தீபாவளி ஆர்டர், லாரி, டிஆர்ஓ ஆபீஸ், பட்டாசு வழக்கில் கோர்ட்டில் இன்று என்ன சொன்னார்கள் என்ற கவலை. அதே ஆடியில், ஆடிப்பெருக்கு அன்றுதான் காலண்டர்காரர்கள் அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். பட்டாசுக்காரர் தீபாவளியோடு மூச்சுவிடும் நேரத்தில் பிரஸ்காரருக்கு மூச்சு முட்டும். ஆக வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் போவார். அண்ணாச்சி திண்ணையில் காத்திருப்பார்.

“நெத்தியக் காட்டுங்க.”

அவர் தைலம் காய்ச்சுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஆலைச் சட்டமெல்லாம் அடுப்படிக்கு வந்துவிடும். முதல் வேலை, அடுப்படி வாசலில் ஒரு செம்புத் தாம்பாளம். உள்ளே வருகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடுமாம். நைலான் சேலைக்கு அனுமதி கிடையாது. இரும்புக் கரண்டி கூடாது, மர அகப்பை மட்டும். ஒரு நேரத்தில் நாலு பேருக்குமேல் உள்ளே இருக்கக் கூடாது. வாசலில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். மதினி சொந்த அடுப்படிக்குள் நுழைய அனுமதி கேட்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். “உள்ள ஏற்கெனவே நாலு பேரு” என்றார் அண்ணாச்சி. நாலாவது ஆள் நான். வெளியே வந்துவிட்டேன், சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் மனிதருக்கு வித்தை தெரியும், அதை மறுக்கக் கூடாது. ஒரு கண்ணாடிக் குப்பியில் புதினா உப்பு, ஓம உப்பு, மருந்துக்கடைச் சூடம் மூன்றையும் சம அளவு போடுவார். மூன்றும் கட்டி. புதினா உப்பு ஊசி ஊசியாக, கண்ணாடி நறுக்கு மாதிரி மின்னும். மூடியைப் போட்டுக் குலுக்குவார். கொஞ்ச நேரத்தில் கட்டிகளின் ஓரம் வியர்க்கும். பிறகு ஊசிகள் சாயும், சூடம் நடுவில் ஒரு தீவாக நின்று கரையும், கடைசியில் குப்பிக்குள் தெளிந்த எண்ணெய் மட்டும் இருக்கும். “தீயில்ல, தண்ணியில்ல, பாத்தீங்களா?” என்று குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். ஒன்றுக்கொன்று உருகுநிலையைக் கீழே இழுத்துவிடுவதால் நடக்கிற சங்கதி இது. 1901-இல் லாகூரில் பண்டிட் தாகூர் தத் சர்மா ‘அமிர்ததாரா’ என்று ஒரு மருந்தைக் கொண்டுவந்தார்; வட இந்தியா முழுக்க வீட்டுக்கு வீடு இருந்த அந்தச் சொட்டு மருந்துக்கும் இந்த மூன்றுதான் அடிப்படை. முப்பது வருஷம் திடப்பொருள்களைக் கலந்து அவை உருமாறாமல் பார்த்துக்கொள்வதே பிழைப்பாக இருந்தவருக்கு, கலந்ததும் உருமாறி, எந்தச் சத்தமும் போடாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பொருள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவர் முகத்தில் தெரியும்.

அடுத்தது தேன்மெழுகும் எண்ணெயும். தண்ணீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து உருக்க வேண்டும். மார்கழியில் நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போதும். சித்திரையில் மூன்றுக்கு ஒன்று, இல்லாவிட்டால் கத்திரி வெயிலுக்கு டப்பாவைத் திறந்தால் ரசம் மாதிரி ஓடும். உருகினதும் இறக்கிவைத்துப் பொறுத்திருப்பார். ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும்போதுதான் குப்பி எண்ணெயையும் நீலகிரித் தைலத்தையும் விடுவார். சூட்டோடு விட்டால் வாசனைச் சத்தெல்லாம் ஆவியாகிப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் டென்ஷன் தீரும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது. அண்ணாச்சி தேங்காய் எண்ணெய்க் கட்சி. சம்பந்தி விருதுநகர்க்காரர், பருத்தி, மிளகாய், எண்ணெய் என்று மூன்று தலைமுறையாக மார்க்கெட்டில் நிற்கிற குடும்பம். விருதுநகரில் பிறந்துவிட்டுத் தேங்காய் எண்ணெயைத் தொடுவது அவருக்கு மதம் மாறுவதற்குச் சமம். “நல்லெண்ணெய்னு ஒண்ணு இருக்கையிலே இந்த வழுக்கை எண்ணெயில யாராவது தைலம் காய்ச்சுவாகளா?” என்று ஆரம்பித்தார். நல்லெண்ணெயில் செய்தால் நெற்றியில் இட்லிப்பொடி வாசம் வரும் என்றார் அண்ணாச்சி. பேச்சு முற்றிப் போய், பேரன் பேர்சூட்டு விழாவில் இரண்டு சம்பந்திகளும் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டார்கள். சம்பந்தி அதோடு விடவில்லை. புதினா எண்ணெய் விலை பம்பாய்ச் சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் போன் போட்டுச் சொல்லிவிடுவார். புதினா உப்பு உத்தரப் பிரதேசத்து வயல்களிலிருந்து வருகிறது, அந்த எண்ணெய்க்குச் சந்தையில் வாயிதா வியாபாரம் உண்டு என்பதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரிந்தது இந்தப் பகையால்தான்.

பெங்களூரில் இருக்கிற மருமகள் ஒரு சின்னக் குப்பியில் லாவெண்டர் எண்ணெய் அனுப்பினாள். மனசை அமைதிப்படுத்துவதில் உலகம் பூரா இதற்குத்தான் பேர் என்றாள். அண்ணாச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, “சோப்பு மணமால்ல இருக்கு” என்று மேலே வைத்துவிட்டார். அவள் விடாமல் கதை சொன்னாள். பிரான்சில் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்று ஒரு வாசனைத் திரவிய ரசாயனக்காரர். 1910-இல் ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் உடம்பு வெந்து, காயம் சீழ்பிடித்தபோது லாவெண்டர் எண்ணெயால் கழுவிக் குணமானதாக எழுதியிருக்கிறார். 1937-இல் அவர் போட்ட புத்தகம்தான் இந்த வாசனை வைத்தியத்துக்கே பெயர் வைத்தது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகள் பேச்சை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வெடிவிபத்தா? என்ன கலவையாம்?”

“தெரியல மாமா.”

“மணல் வாளி வச்சிருந்தானா?”

தீக்காயம் என்ற பேச்சு வந்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அவர் தைலம் எல்லாவற்றுக்கும் ஆகும்: தலைப்பாரம், பஸ் குமட்டல், மாமியார் வருகை. தீக்காயத்துக்கு ஆகாது. எதிர்வீட்டுப் பையன் புஸ்வாணத்தில் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, தைல டப்பாவைத் தொடவே இல்லை. குழாயடியில் நிறுத்தி, இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் விட்டார். அந்தத் தாய் ஏதோ களிம்பு எடுத்துவர ஓடினாள். “ஒண்ணையும் தடவாதீங்க. தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி” என்று ஒரு சத்தம். அது ஆலை ஷெட்டில் நின்று போட்ட பழைய குரல். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்த அன்று அவர் எங்கே இருந்தார் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

பேரன் விஷயத்திலும் கறார்தான். சூடம் பிள்ளைகள் வாயில் போனால் வலிப்பு வரும், கைக்குழந்தையின் மூக்கருகே இதையெல்லாம் கொண்டுபோகவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தைலச் சாமான்கள் மேல் அலமாரிக்குப் போய்விட்டன. அந்த அலமாரிக்கு அவர் வைத்த பெயர், ஆலையில் வெடிமருந்துக் கிடங்கைச் சொல்கிற மாதிரி, மேகசின். சாவி அரைஞாண் கயிற்றில்.

இவ்வளவு ஒழுங்கும் தெருவுக்கு வினையாக வந்து முடிவது சாயங்காலத்தில். பட்டாசு ஆலையில் ஒரு சட்டம் உண்டு: அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் ராத்திரி தங்கக் கூடாது. அண்ணாச்சிக்கு இது ரத்தத்தில் ஊறியது. காலையில் காய்ச்சிய தைலம் பொழுது சாய்வதற்குள் யாருடைய நெற்றியிலாவது ஏறியாக வேண்டும். ஐந்து மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். பால்காரர், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்புகிற பெண்கள், டியூஷன் பிள்ளைகள், வழி கேட்க வண்டியை நிறுத்தியவர் என்று ஒருத்தரும் தப்ப முடியாது. ஆறு மணிக்கு எங்கள் தெருவில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். வெளியூர்க்காரர்கள் ஏதோ துக்க வீடு என்று நினைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள்.

தைலம் தடவினதும் சில்லென்று இருந்தாலும் நெற்றி உண்மையில் குளிர்வதில்லை. குளிரை உணர்கிற நரம்பின் வாசலைப் புதினா உப்பு போய்த் தட்டுகிறது, மூளை குளிர் வந்துவிட்டதென்று ஏமாறுகிறது. 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டம் பட்டபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். சூட்டையும் தொடுகையையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதை நான்தான் அண்ணாச்சியிடம் சொல்லித் தொலைத்தேன்.

“நோபலா? டைனமைட் கண்டுபிடிச்ச ஆளு பேருல குடுக்கறதுதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“நம்ம லைன் ஆளு.” முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆல்பிரட் நோபல் 1887-இல் பதிவு செய்த புகையில்லா வெடிமருந்திலும் சூடம் சேர்மானம் உண்டு என்று சொன்னேன். அவ்வளவுதான். சூடத்தை எங்கே எவ்வளவு போட வேண்டுமென்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்ற எண்ணம் அவருக்கு அன்று விழுந்துவிட்டது. தெருவுக்கு அதன் பலன் ஒரு வாரம் கிடைத்தது.

சிவகாசியில் ஒரு பொருளுக்கு லேபிள் இல்லாவிட்டால் அது பொருளே இல்லை. தங்கச்சி மகன் பிரஸ் வைத்திருக்கிறான். “மாமா, ஆயிரத்துக்குக் கொறைச்சு மெஷின்ல ஏத்த முடியாது” என்றான். அண்ணாச்சி ஒரு வருஷத்துக்குக் காய்ச்சுவதே ஐம்பது அறுபது டப்பாதான். நாலு கலர், தங்க ஜரிகை ஓரம், நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு குழந்தை என்று ஆயிரம் லேபிள் வந்து இறங்கியது. டிசைன் போட்ட பையன் அவசரத்தில் ஒரு பழைய சங்குசக்கர லேபிளையே திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அடியில் பொடி எழுத்தில் அப்படியே இருந்தது: பெரியவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தவும், திறந்தவெளியில் பயன்படுத்தவும், தண்ணீர் அருகில் வைத்துக்கொள்ளவும். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றும் சரிதானே என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் மருந்தாளுநர் படிப்பு முடித்த தம்பி மருமகன் ஒருவன் வந்திருந்தான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அமிர்தாஞ்சனே 1893-இல் ஒருத்தர் பம்பாயில் சின்னதாக ஆரம்பித்ததுதான், நீங்களும் வியாபாரமாகச் செய்யலாம், ஆனால் 1940-ஆம் வருஷத்துச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஒரு மனு எழுதிப் போடட்டுமா என்று கேட்டான்.

“பெசோ லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ், பயர் சர்வீஸ் சர்ட்டிபிகேட்டு… முப்பது வருசம் மொதலாளி பைலத் தூக்கிட்டுத் திரிஞ்சாச்சு மாப்ளே” என்றார் அண்ணாச்சி. “லைசென்ஸ் கேக்காத கலவை ஒண்ணாவது இந்தக் கையால கலக்கணும்னுதான இதையே ஆரம்பிச்சேன். நான் யாருக்கும் விக்கலையே, சும்மாதான குடுக்கேன்.”

“அப்ப டப்பாவுல எம்.ஆர்.பி. எழுபது ரூவான்னு போட்டிருக்கே மாமா?”

“அதுவா? அந்த இடம் காலியாக் கெடக்குன்னு பிரஸ்காரன் போட்டது.”