எறங்கி உருட்டுறதுதான் ரெண்டாவது கியரு

ஏ மருமவனே, இங்கன வா. சைக்கிளைத் தலைகீழாக் கவுத்திப் போட்டு என்னல நோண்டுத? செயின் கழண்டுட்டோன்னு பாத்தா, நீயேல்லா கழட்டிக்கிட்டு இருக்க!

21 கியரு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு ஒங்கப்பன்கிட்ட காசு வாங்குன. ரெண்டு பொங்கல் தாண்டல. இப்ப எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு ஒத்தக் கியரா மாத்தப் போறேன்னு சொல்லுத. கேட்டா எளிமையாம்! காசைக் குடுத்து வாங்குனதைக் காசைக் குடுத்துக் கழட்டுதியே, அதுலயா எளிமை இருக்கு?

எங்க காலத்துல ஊர்ல ஓடுன அம்புட்டும் ஒத்தக் கியருதான். அதுக்கு நாங்க எளிமைன்னு பேரு வைக்கல. சைக்கிள்னு சொன்னோம். குரங்குப் பெடல் போட்டு முட்டி பேந்த அன்னைக்கும் அதுதான். கேரியர்ல ஒங்க அத்தையை வச்சுக்கிட்டு ஜங்ஷனுக்குப் படம் பாக்கப் போன அன்னைக்கும் அதுதான்.

என் வண்டியில முன்னாடி 44 பல்லு, பின்னாடி 18. பெடல் ஒரு முழுச் சுத்து வந்தா பின்சக்கரம் ரெண்டரைச் சுத்துக்குக் கொஞ்சம் கம்மியாச் சுத்தும். 28 இஞ்சுச் சக்கரம்லா? கணக்குப் போட்டுப் பாரு, ஏறக்கொறைய 18 அடி போவும். சமதரைக்கு இது போதும். நெல்லு மூட்டையே கொண்டு போயிருக்கேன்.

ஈரடுக்குப் பாலத்து ஏத்தம் வந்தா என்ன செய்வேன்னு கேக்கியா? எறங்கி உருட்டுவேன். அதுதான் எங்க ரெண்டாவது கியரு. மூணாவது ஒண்ணும் உண்டு. பின்னாலருந்து தள்ள ஒங்க அத்தை.

நான் மட்டுமா எறங்குனேன்? பிரான்ஸ் தேசத்துல 1903ல டூர் தெ பிரான்ஸுன்னு ஒரு பந்தயம் ஆரம்பிச்சாங்க. கியரு மாத்துற கை 1937லதான் அந்தப் பந்தயத்துக்குள்ள வந்துது. அதுக்கு முன்னால பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வேற வேற பல்லு வச்சிருந்தாங்க. மலை வந்துச்சுன்னா எறங்கணும். சக்கரத்தைக் கழட்டணும், திருப்பிப் போடணும், மறுபடி ஏறணும். ஒலகத்துலயே பெரிய மிதிகாரனே மலையடிவாரத்துல எறங்கி நின்னிருக்கான். ஒனக்கு மட்டும் என்னல கொறைச்சலு?

சரி, கழட்டத்தான் போற. எதைக் கழட்டுறோம்னு தெரியுமா?

மொதல்ல குனிஞ்சு, பின்சக்கரத்து அச்சு உக்கார்ற வெட்டைப் பாரு. படுத்தாப்புல இருந்தா ஒனக்கு யோகம். சக்கரத்தைப் பின்னால இழுத்துச் செயினை டைட் பண்ணிக்கலாம். நேர்குத்தா இருந்தா சக்கரம் ஒரு நூலு நகராது. செயினை முறுக்கிப் பிடிக்கத் தனியா ஒரு கையைத் தொங்க விடணும். இப்ப கழட்டி வீசப் போறியே, ரெண்டு குட்டிச் சக்கரத்தோட தொங்குற கை, கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொண்ணு. பழைய மருமவளைத் தொரத்திட்டு அவ தங்கச்சியைக் கூட்டியாந்த கதைதான்.

அடுத்தது செயின் ஓடுற நேரு. முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டுல நிக்கணும். நிக்கலைன்னா கரகரன்னு கத்தும், இல்ல நடுரோட்டுல கழண்டு விழும். நேரு பண்ணணும்னா அச்சுல வாஷரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி, கம்பியை முடுக்கி, ரிம்மை நடுவுக்குக் கொண்டாந்து கோட்டம் எடுக்கணும். வீடியோ பாத்துட்டு நீ எடுத்தேன்னு வையி, சக்கரம் ஆலங்குளத்துக்கு ஒரு பக்கமும் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பக்கமும் போவும்.

கியரு வண்டிப் பல்லுல இன்னொரு சூச்சுமம். அதைச் செஞ்சதே செயின் லேசா ஏறி எறங்கித் தாவட்டும்னுதான். அதையே வச்சுக்கிட்டுத் தாவாதன்னு செயின்கிட்ட சொன்னா கேக்குமா? பல்லையும் மாத்தணும். செயினும் வெறைப்பா இருக்கக் கூடாது. நடுவுல வெரலை வச்சு அமுக்குனா அரை இஞ்சு ஆடணும். இதெல்லாம் சைக்கிள் கடை அண்ணாச்சிக்கு வெரலு சொல்லும். ஒனக்கு யாரு சொல்லுவா?

ஒரு கிலோ எடை கொறையும்னு சொல்லுத. நேத்து ராத்திரி சால்னாவுல முக்கி முக்கி ஆறு புரோட்டா தின்னியே, அது எந்தக் கணக்குல வரும்?

பட்டணத்துல இன்னுஞ் சில கோட்டி இருக்கு. ஃப்ரீவீலையும் எடுத்துருதான். சக்கரம் சுத்துற மட்டும் பெடலும் சுத்தும், காலுக்கு ஓய்வே கெடையாது. அதோட விட்டானா? பிரேக்கும் வேண்டாங்கான். அவனுக்குத் தாடைதான் பிரேக் கட்டை. நீ அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காத.

ஒத்தக் கியரு மோசம்னு நான் சொல்லலடே. மழையில நனைஞ்சாலும் கெட்டுப் போக அதுல என்ன இருக்கு? எண்ணெய் விட்டா ஓடும். ஒன் 21லயும் பாதிக்கு மேல ஒண்ணுக்கொண்ணு ரெட்டைப்பிள்ள மாதிரிதான். ஆனா நீ போற ரோடு எது? பாளையங்கோட்டைத் தெருவா, பாபநாசத்துலருந்து காரையாறு ஏத்தமா? தெருன்னா ஒத்தக் கியரு தாராளம். மலைன்னா, கழட்டுன கியரை அன்னைக்குச் சாயங்காலமே தேடுவ.

கண்ணுக்குத் தெரியுறது மட்டுந்தான் மேடுன்னு நெனைச்சுராத. ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில மேக்க பாத்து மிதிச்சிருக்கியா? முப்பந்தல்ல அத்தனை காத்தாடியைச் சும்மாவா நட்டு வச்சிருக்கான்? காத்தும் ஒரு மேடுதாம்ல.

அதனால ஒண்ணு செய்யி. ஸ்பானரைக் கீழ வையி. முன்னாடி நடுப்பல்லு, பின்னாடியும் நடுவுல ஒண்ணு. அதுல போட்டுட்டு ஒரு மாசம் லிவரைத் தொடாம ஓட்டு. செலவு எவ்வளவு? ஒத்தப் பைசா கெடையாது. மனசு பொறுக்கலைன்னா லிவர் மேல துணியைச் சுத்திக் கட்டிக்க.

ஒரு நா பாலத்துல மூச்சு முட்டும். எறங்கி உருட்டுவ. எதிர்ல ஒன் சேக்காளி வருவான். அப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, போன் வந்த மாதிரி காதுல கையை வைக்கியா, இல்ல "என்னடே, வாடே, வந்து ஒரு கை தள்ளு"ன்னு கூப்பிடுதியா?

கூப்பிட்டேன்னா மறுநாளே வா. அண்ணாச்சி கடைக்கு நானே கூட்டிப் போறேன். போன்ல பேசுனேன்னா, 21ம் அதது எடத்துலயே இருக்கட்டும்.