குரைப்பும் குடும்ப நிர்வாகமும்

புதிய வீட்டுக்குக் குடிவந்த நாய் முதல் சில வாரங்கள் ஓயாமல் குரைப்பது, ஒலியும் மணமும் பழகாத இடத்தில் எது ஆபத்து, எது அடுத்த வீட்டுக் குக்கர் விசில் என்று அதற்கு இன்னும் பிடிபடாததால் நேர்வதே தவிர, குடும்பத்தின் மானத்தை வாங்கும் உள்நோக்கத்தால் அன்று. கூரியர்க்காரர் வாசலுக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். தன் குரைப்பே அவரை விரட்டியது என்று நாய் முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் உரக்கக் குரைப்பதை உளவியலார் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பர், அதாவது வேண்டாதது விலகுவதால் அதை விலக்கிய செயல் வேரூன்றுதல். வீட்டுத் தலைவர் சோபாவில் சாய்ந்தபடியே “சும்மா இரு!” என்று அலறும்போது, நாயின் கணக்கில் அது கண்டனம் அன்று, கூட்டணி ஆதரவு.

பால்கனிக் கதவுக்குத் திரை போடுவது, குரைப்பு ஓய்ந்த அந்த நொடியிலேயே ஒரு துண்டுத் தின்பண்டம் தருவது, வீட்டார் வெளியே செல்லும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக்குவது ஆகியவை பயனளிக்கும் வழிகள். ஆனால் இவை பொறுமையை நாயிடம் அன்றி மனிதரிடம் கோருவதால் போதிய செல்வாக்குப் பெறவில்லை. குரைத்தல் நாயின் இயல்பான வெளிப்பாடு என்று 2015ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் ஏற்றுக்கொண்ட இந்திய விலங்குகள் நல வாரியம், குறிப்பாக இரவில் அதை அமைதிப்படுத்த உரிமையாளர் முயல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் எழும் ஓசைக்கு அவ்வாரியம் பொறுப்பேற்கவில்லை.