உளி பார்க்கும் படலம்

செஞ்சியில் ஹார்டுவேர் கடைக்குப் போனால் உளி வாங்கலாம். அவர் இருக்கும் நேரத்தில் போனால் பார்க்க மட்டும்தான் முடியும்.

பெயர் எதற்கு? ஊருக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊரில் கல்லாவுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருப்பார். கடையில் பங்கு இல்லை, சம்பளம் இல்லை. ஆனாலும் அவர் தலையசைக்காமல் ஓர் அரம்கூடக் கடைப்படி இறங்காது.

என் வீட்டுப் பின்கட்டுக் கதவு மழையில் ஊறித் தாழ்ப்பாள் விழாமல் அடம்பிடித்தது. நிலையில் கொஞ்சம் செதுக்கலாம் என்று முக்கால் இஞ்ச் உளி கேட்டேன்.

"நிலை என்ன மரம் தம்பி?" என்றது டப்பா.

"வேம்புங்க."

"வேம்பா..." என்று, ஜாதகத்தில் செவ்வாயைக் கண்ட ஜோசியர் மாதிரி இழுத்தார்.

அடுத்த நொடி உளி அவர் கையில் இருந்தது. திருப்பினார். "முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதுகு மட்டமா இருக்கணும்." சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து முதுகில் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் மயிரிழை வெளிச்சம். முதல் உளி போயிற்று. இரண்டாவது பிடிக்குள் ஆடியது. மூன்றாவதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தார். "கூர் இருந்தா நகத்தைக் கவ்வும். இது வழுக்குது. பரவாயில்ல, கடை உளி எதுவும் கூரா வராது. வீட்டுல கல்லுல தீட்டிக்க. 25 டிகிரிக்குக் கீழ போகாதே. சுத்தியலால பிடியை அடிச்சுடாதே, கொட்டாப்புளி வச்சிருக்கியா?"

இல்லை. அதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அவரைக் கேலி செய்வது சுலபம். கஷ்டம் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் உண்மை. பல்முனை மட்டும் நீலம் பூத்த ரம்பத்தில் அரம் ஏறாது, மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்பார், அப்படியே. மூலைமட்டம் வாங்க வந்தவரிடம், நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடு, திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடு என்பார். இரண்டு கோடும் ஒட்டிப் போனால் மட்டம் சரி. விரிந்தால் தப்பு இரட்டிப்பாகக் கண்ணில் படும். கடைப்பலகை முழுக்க இந்த ஜோடிக் கோடுகள்தான். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறும் வழியில் காதலர்கள் கிறுக்கியதைவிட அதிகம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று, நம்முடையது. கடையே அதைப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் உம்மென்று இருந்தார். கடைசியில் கேட்டார்: "உச்சிக்குப் போற வழியில பாறை பிளந்து கிடக்குதே, அங்க அந்தக் காலத்துல மரப்பாலம் போட்டிருந்தான். என்ன மரம்னு எவனாவது எழுதி வச்சானா?"

பசை என்று வந்துவிட்டால் குரலில் பக்தி ஏறும். தோலையும் எலும்பையும் காய்ச்சிய வஜ்ரத்தைச் சுடவைத்து, ஆறுவதற்குள் பூசி, நாற்றத்தோடு வாழ்ந்த காலத்திலிருந்து தொடங்குவார். பிறகு 1959. ஃபெவிகால் பிறந்த வருடம். அதைக் கொண்டுவந்த பல்வந்த் பாரேக் சட்டம் படித்தவர், மர வியாபாரி ஒருவரிடம் பியூனாக இருந்தவர் என்பதைத் தன் மாமன் கதைபோலச் சொல்வார். அப்புறம் உத்தரவுகள். "தண்ணி படுற கதவுக்குச் சாதா டப்பா ஆகாது, மெரைன் எடு. டப்பாவுல தேதி பாரு. பசை இடுக்கை அடைக்காது. மரமும் மரமும் முத்தம் கொடுக்கணும். இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடு. இடுக்கு இருந்தா ரெண்டு குழாய் கலக்குற அரால்டைட்."

இறுக்கிக் கட்ட கிளாம்ப் இரவல் கேட்டு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கருவிப் பெட்டியைத் திறந்தார், கோயில் வாசனை. துரு பிடிக்காமலிருக்கக் கற்பூரம் போட்டிருந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய உளிகள் பிறந்த குழந்தைகள்போல வரிசையாகக் கிடந்தன. சுவரோரம் ஒரு ஸ்டூல். மூன்று கால். நாலாவது கால் பலகையில் பென்சில் கோடாக இருந்தது. "சரியான மரம் அமையல தம்பி." தொடங்கி எட்டு வருடமாம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் இந்தக் கோட்டையைச் சுற்றி நின்றதும் கிட்டத்தட்ட எட்டு வருடம்தான். ஆனால் 1698இல் அவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

கிளாம்ப் கிடைக்கவில்லை. அதன் திருகில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதாம்.

கடைசியில் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், பத்து நிமிடத்தில் தாழ்ப்பாள் விழுந்தது. அவர் உளி பளபளவென்று புதிதாக இருந்தது.

"அப்பாவோட உளி தேஞ்சு விரல் நீளம் ஆயிடுச்சு சார். இது போன தையில வாங்கினது. நாமளா எடுத்தா முதுகு கோணலா வந்துடும். கடையில பெயின்ட் டப்பா மேல ஒரு பெரியவர் இருப்பாரு, அவர்கிட்ட காட்டாம நான் எதையும் வாங்குறதில்ல."

சீவல்களைக் கூட்டித் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த ஸ்டூல் காலை மட்டும் போட்டுத் தர்றேன்னு ரெண்டு வாட்டி கேட்டேன் சார். விட மாட்டேங்குறாரு."