வலைத்தளப் பாயிரம்: ஒரு கடலை மிட்டாய்க் கடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சிறு கடையின் வலைத்தளத்தில் எதை எழுதுவது, எதை எங்கே வைப்பது என்ற சிக்கலுக்கு விடை தேடி மென்பொருள் நிறுவனங்களை நாட வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தைப் புரட்டினால் போதும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். கருதுகோள் முதலில் தோன்றியது. சான்றுகள் பிறகு தேடப்பட்டன. ஆய்வுலக மரபு இதில் சிறிதும் மீறப்படவில்லை.

1. களம்

ஆய்வுக் களம், கோவில்பட்டியில் என் தாய்மாமன் நடத்தும் கடலை மிட்டாய்க் கடை. 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமாவுக்கு ஆசையும் கிடைத்தது.

"மாப்ள, நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்."

"எதுக்கு மாமா?"

"எல்லாரும் வச்சிருக்காங்கள்லா?"

பெரும்பாலான வலைத்தளங்களின் தோற்றத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது என்பதால், இவ்வுரையாடல் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2. முன்னோர் ஆய்வு

உலகின் முதல் வலைத்தளத்தை 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்டார். நகரும் படமோ மின்னும் எழுத்தோ அதில் கிடையாது. இது என்ன திட்டம், எப்படிப் பயன்படுத்துவது, யார் செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. அவர் நன்னூல் கற்றவர் என்பதற்குச் சான்றில்லை. கற்காதவர் என்று நம்பவும் முடியவில்லை.

2006இல் வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து ஓர் உண்மையை வெளியிட்டார். இணையப் பக்கத்தை மக்கள் ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவில் படிக்கிறார்களாம்: மேலே ஒன்றிரண்டு வரிகளைக் குறுக்கே பார்த்துவிட்டு, பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடுகிறார்கள். இதை மாமாவிடம் விளக்கினேன்.

"அப்ப வலது பக்கம் கீழ போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்களா?"

"பெரும்பாலும் மாட்டாங்க மாமா."

"வெலையை அங்க போட்ரு."

நீல்சனின் முடிவுக்கு இப்படியொரு பயன்பாடு உண்டென்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

3. ஆய்வு முறை

கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். நேரிலும் போனிலும் வந்த கேள்விகளைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். "கிலோ என்ன வெல அண்ணாச்சி?" "ஞாயித்துக்கெழம கடை உண்டா?" "எத்தன நாள் நமுக்காம இருக்கும்?" "சென்னைக்குக் கூரியர் போடுவீங்களா?" "பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படி வரணும்?" கேட்ட முகங்கள் மாறின, கேள்விகள் இந்த ஐந்தைத் தாண்டவில்லை.

"அண்ணாச்சி, உங்கள் தொலைநோக்கு யாது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வலைத்தளம் செய்து தந்த தம்பியின் முதல் வரைவில் தொலைநோக்கு, பணிநோக்கு, விழுமியங்கள் என மூன்று பக்கங்கள் இருந்தன. விலைப்பட்டியல் இல்லை.

4. பாயிரப் பொருத்தம்

ஒரு நூலை அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் எட்டுச் செய்திகளைச் சொல்கிறது. காலம், களம், காரணம் என இன்னும் மூன்றைச் சேர்ப்பாரும் உண்டு என்கிறது. ஆகப் பதினொன்று. ஒவ்வொன்றாகக் கடைமேல் ஏற்றிப் பார்ப்போம்.

ஆக்கியோன் பெயரும் வழியும்: தாத்தா தொடங்கினார், மாமா பாகு பதம் பார்க்கிறார். 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு இது போதும். வரைவில் காதுக்கருவி மாட்டிச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அவர் பாகு பதம் அறிந்தவர் என்பதற்கு அகச்சான்றோ புறச்சான்றோ கிடைக்காததால் நீக்கப்பட்டார்.

எல்லை: நூலுக்கு அது வழங்கும் நிலம், கடைக்குக் கூரியர் போகும் நிலம். "உலகெங்கும் அனுப்பப்படும்" என்று தம்பி எழுதியிருந்தார். "மெட்ராஸ் வரைக்கும் தாராளமா அனுப்பலாம்" என்றார் மாமா. உலகம் சென்னையோடு முடிந்தது.

பெயர்: தள முகவரியில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது இணைய விதி. குலதெய்வம், தாத்தா, ஆச்சி, மூத்த மகள் ஆகிய நால்வர் பெயரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பது மாமாவின் விதி. கடைசியில் குலதெய்வம் மட்டும் தப்பியது. இந்த 63க்கும் நாயன்மார் அறுபத்துமூவருக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

யாப்பு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நூல் அமையும் வகை நான்கு. முகப்புப் பக்கம் தொகுத்தல். ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒரு பக்கம் என்பது விரித்தல். இரண்டும் சேர்ந்த முழுத்தளம் தொகைவிரி. மொழிபெயர்ப்பில்தான் சறுக்கல். ஆங்கில வரைவைத் தம்பி இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்க, 'முகப்பு' என்று இருக்க வேண்டிய பொத்தான் 'வீடு' என்று வந்தது. அதை அழுத்தினால் மாமா வீட்டு விலாசம் வரும் என்று எதிர்பார்த்தவர்களில் அத்தையும் ஒருவர்.

நுதலிய பொருள்: கடலை மிட்டாய், எள்ளு மிட்டாய், எடை, விலை, எத்தனை நாள் தாங்கும். விலைப்பலகையைப் போட்டோ எடுத்துப் போட்டால் வேலை மிச்சம் என்றார் தம்பி. படத்திலுள்ள விலையைப் போனில் பெரிதாக்கிப் படிப்பதற்குள் வாங்குபவரின் ஆசை நமுத்துவிடும். விலை ஏறும்போது புதுப் படமும் எடுக்க வேண்டும். எனவே எழுத்தாகவே போடப்பட்டது. இடது பக்கம், மேலே.

பயன்: தொட்டால் அழைப்புப் போகும்படி ஒவ்வொரு பக்கத்திலும் போன் எண். காலம்: கடை திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், விடுமுறை நாள். களம்: பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி. காரணம்: "எல்லாரும் வச்சிருக்காங்கள்லா?" இது அச்சேற்றத் தக்கதல்ல என்று விடப்பட்டது.

எஞ்சியது 'கேட்போர்'. நூலைப் பாடம் கேட்கும் மாணவர் என்பதே இலக்கணத்தில் இதன் பொருள். கோவில்பட்டியில் கேட்போர் என்றால் விலை கேட்போர், வழி கேட்போர், கூரியர் உண்டா என்று கேட்போர். பாயிரத்தின் மற்றப் பத்தும் இந்த ஒருவருக்கான பதில்களே என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

5. குற்றங்கள்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்பார் நன்னூலார். இடம் கருதி மூன்றை மட்டும் காட்டுகிறோம்.

மாறுகொளக் கூறல்: முகப்பில் 'ஞாயிறு விடுமுறை', தொடர்புப் பக்கத்தில் 'எல்லா நாளும் திறந்திருக்கும்'. இரண்டும் உண்மை என்றார் மாமா. ஞாயிறன்று கடை அடைப்பு. ஆனால் ஷட்டரைத் தட்டினால் கொடுப்பார்.

மற்றொன்று விரித்தல்: மாமா அரிமா சங்கக் கூட்டத்தில் மாலை வாங்கிய படங்கள், ஒரு தனிப் பக்கம்.

வெற்றெனத் தொடுத்தல்: இதற்கு உலகப் பொது எடுத்துக்காட்டு 'லோரெம் இப்சம்'. உரை தயாராகும்வரை இடத்தை அடைத்துக்கொள்ளப் பயன்படும் இந்த லத்தீன், கி.மு. 45இல் சிசெரோ எழுதிய அறவியல் நூலைச் சிதைத்து எடுத்தது. வலியைக் குறிக்கும் 'டோலோரெம்' என்ற சொல்லின் தலையைக் கிள்ளியதால் வந்ததே 'லோரெம்'. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தம்பி இதைத்தான் வைத்திருந்தார். "இங்கிலீஷ் கம்பீரமா இருக்கு, அப்படியே விட்ரு" என்று மாமா ஒப்புதல் அளித்துவிட்டார். ஆறு மாதம் அது அப்படியே கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் முறையிடவில்லை. அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

6. முடிவும் மேலாய்வுக்குரிய களமும்

பதினொன்றில் காரணம் நீங்கலாகப் பத்தும் பொருந்தத் தளம் திருத்தி அமைக்கப்பட்டது. பக்கங்கள் பதினாலிலிருந்து நான்காகக் குறைந்தன. ஐந்து கேள்விக்கும் விடை முகப்பிலேயே கிடைத்தது. கருதுகோள் நிறுவப்பட்டுவிட்டது என்று எழுதி முடிக்கும் தறுவாயில் கடைப் போன் அடித்தது. மாமா ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கடை உண்டுல்லா?"

"வெப்சைட்ல போட்டிருக்கமே, பாக்கலையா?"

"பாத்துட்டுத்தான் கூப்பிடுதேன். அதுல உண்டுன்னுதான் இருக்கு. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு."

மாமா என்னைப் பார்த்தார். நான் நன்னூலைப் பார்த்தேன். கேட்போர் என்று பெயர் வைத்த பிறகு, கேட்காமல் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தது ஆய்வாளரின் பிழையாகக் கொள்ளப்படுகிறது.